பாரமகால் கோட்டைச் சுற்று: வண்டி சரி, அட்டை சரியில்லை

பாரமகால் என்பது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தின் பழைய பெயர். இங்கே வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் பலர் இப்போது "ஒரு நாள் கோட்டைச் சுற்று" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு அட்டை வரும். கிருஷ்ணகிரிக் கோட்டை, கே.ஆர்.பி. அணை, ராயக்கோட்டை, தருமபுரிக் கோட்டைக் கோயில், அதியமான்கோட்டை, கடைசியில் ஒகேனக்கல். காலை 8 மணிக்கு ஏற்றிக்கொண்டு இரவு 8 மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஆள் மாறுவார், வண்டி மாறும், அட்டை மட்டும் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இது எந்த ஒரு டிராவல்ஸையும் பற்றியது இல்லை. அந்த அட்டையைப் பற்றியது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வண்டி சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்கிறது. டிரைவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. எந்தக் கடையில் களி கிடைக்கும், எந்த பங்க்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அட்டையைப் போட்டவர் யாராக இருந்தாலும் மலை ஏறிப் பார்த்தவர் இல்லை. ஆறு இடத்தில் இரண்டு மலைக்கோட்டை. இரண்டையும் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால்தான் கணக்கு சரியாக வரும். "மேலே ஒண்ணும் இல்லீங்க சார், வெறும் பாறைதான்" என்று டிரைவர் சொல்வார். அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

ஒகேனக்கல் எதற்கு இந்தப் பட்டியலில் என்று யோசித்தால் அட்டையின் சூட்சுமம் பிடிபடும். வெளியூர் டிரிப் என்றால் நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. கணக்குப் போடுவது டாக்ஸிக்காரர்களின் வழக்கம். கிருஷ்ணகிரியில் கிளம்பி ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி, அதியமான்கோட்டை பார்த்துவிட்டு காவேரிப்பட்டணம் வழியாகத் திரும்பினால் சுமார் 140 கி.மீ.தான் ஓடும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கி.மீ.; போக வர 92. அணைக்கு ஒரு திருப்பம் சேர்த்தால் 250-ஐத் தொட்டுவிடும். அட்டை மீட்டருக்காகப் போட்டது, கோட்டைக்காக இல்லை.

ஆகவே பேசும்போதே வேறு மாதிரி பேச வேண்டும். "வெளியூர் டிரிப் வேண்டாம்ணா, பத்து மணி நேரம் நூறு கிலோமீட்டர் லோக்கல் பேக்கேஜ் போட்டுக் கொடுங்க, மேல ஓடறதுக்கு கிலோமீட்டர் கணக்கு" என்று கேளுங்கள். எடுத்துக்காட்டுக்கு, செடான் வண்டிக்கு கி.மீ. 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400 என்று வைத்துக்கொள்வோம். ஒகேனக்கல்லை விட்டுவிட்டு 140 கி.மீ. மட்டும் ஓடினாலும் வெளியூர் கணக்கில் 3,500-உம் 400-உம் சேர்த்து 3,900 ஆகும். ஓடாத 110 கி.மீ.க்கு மட்டும் 1,540 ரூபாய் போகிறது. லோக்கல் பேக்கேஜ் 2,200 என்றால், கூடுதல் 40 கி.மீ.க்கு 560, கூடுதல் மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 150 வீதம் 450, ஆக மொத்தம் 3,210. விலை ஆளுக்கு ஆள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. டோல், பார்க்கிங், பேட்டா எதில் அடக்கம் எதில் தனி என்பதையும், மீட்டர் வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து ஓடுமா உங்கள் வாசலிலிருந்து ஓடுமா என்பதையும் முன்பே மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வருவதெல்லாம் ஷெட் கிலோமீட்டரில்தான்.

அடுத்தது நேரம். அட்டையில் 8 மணி. எட்டு மணிக்கு வண்டியில் ஏறினால் மலையில் கால் வைக்க ஒன்பதரை ஆகிவிடும். இங்குள்ள மலைகள் மொட்டைப் பாறைகள். சூடு ஏறிவிட்டால் சாயங்காலம்வரை இறங்காது. கிருஷ்ணகிரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது சையத் பாஷா மலை. மேலே தர்கா இருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 நவம்பரில், ஆங்கிலேயக் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை கீழ்க்கோட்டையையும் பேட்டையையும் பிடித்துவிட்டு, ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டே மேல்கோட்டைக்குள் நுழைந்துவிடப் பார்த்தது. மேலிருந்து பெரிய கற்களை உருட்டிவிட்டார்கள், ஏணிகள் நொறுங்கின, மேல்கோட்டை விழவில்லை. அன்றைக்கு உருண்டு வந்த கல்லுக்கு ஒதுங்க இடமில்லாத அதே சரிவில் இன்றைக்கு வெயிலுக்கு ஒதுங்க இடமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பது மணிக்கு மேல் ஏறவே வேண்டாம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை நல்ல காலம். மழை பெய்து ஓயாத நாளில் பாசி பிடித்த பாறை வழுக்கும். ஏறுவது எப்படியோ முடிந்துவிடும், இறங்கும்போதுதான் ஆபத்து.

ஒரு நாளைக்கு ஒரு மலை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் முறை போகிறவர்கள் கிருஷ்ணகிரியை விட்டுவிட்டு ராயக்கோட்டையை எடுத்துக்கொள்வது நல்லது. காரணம் உண்டு. கிருஷ்ணகிரி சமவெளிப் பக்கம். ராயக்கோட்டை மைசூர் மேட்டு நிலத்தின் விளிம்பில், உயரத்தில் இருக்கிறது. காலையில் காற்று குளிர்ந்திருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாங்கும். அந்த விளிம்புதான் கோட்டை அங்கே இருப்பதற்கும் காரணம். மேட்டிலிருந்து பாரமகாலுக்கு இறங்கும் வழியை இந்த மலையிலிருந்து கண்காணிக்கலாம். 1791 ஜூலையில் மேஜர் கௌடி இதைப் பிடித்ததும் அந்த வழி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மறு வருடம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் முழுவதும் அவர்களிடம் போனது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் 1792-ல் இந்தப் பக்கம் வந்து ராயக்கோட்டையையும் ஜகதேவி மலையையும் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்தை போனில் இறக்கி வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே சாலையிலிருந்தே மலையின் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை சுமார் 30 கி.மீ. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறே காலுக்கு அடிவாரம். அந்த நேரத்தில் தக்காளியும் பூவும் ஏற்றிய வண்டிகள் ஊருக்குள் நெருக்கும். டிரைவரை மார்க்கெட் வழியாகப் போகாமல் சுற்றிப் போகச் சொல்லுங்கள். டிக்கெட் கவுன்டர் கிடையாது, வழிகாட்டி கிடையாது, மேலே குடிதண்ணீர் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற பலகைதான் உண்டு. டீயை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றம் நிதானமாகப் போனால் ஒன்றரை மணி நேரம்வரை பிடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் ஏற்றத்துக்கு, ஒன்று மேலே இருக்கும் நேரத்துக்கும் இறக்கத்துக்கும். ஒரே பாட்டிலாக இல்லாமல் இரண்டாகக் கொண்டுபோனால் பாதி தீர்ந்தது தெரியும், திரும்புவதற்கும் அதுவே கணக்கு. ரப்பர் அடி உள்ள கான்வாஸ் ஷூ போதும். தோல் செருப்பும் தேய்ந்துபோன ஹவாய் செருப்பும் ஆகவே ஆகாது. பாறையில் வெட்டிய படிகள் பாதி பாதத்துக்குத்தான் இடம் கொடுக்கும். இறங்கும்போது நேராக இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, மலைப்பக்கக் கையைப் பாறையில் ஊன்றி இறங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம், வெட்கமில்லை. பாதிக் கோட்டை அங்கேயே புரிந்துவிடும்.

எப்படி என்றால், இந்தப் பக்கத்து மலைக்கோட்டைகளில் வாசலை நேராக வைப்பதில்லை. வழி ஒரு பக்கம் திரும்பி, மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் போய், பிறகு மறுபடி திரும்பும். ஏறி வருகிறவனுடைய விலாப்புறம் மதில்மேல் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் கணக்கு. மதிலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கீழ்வரிசையில் பெரிய கற்கள், சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும். அதற்கு மேலே சிறு கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வந்தால் அது பிந்தைய வேலை. துப்பாக்கி வந்த பிறகு கட்டியது. அந்த மேல்பகுதியில் உள்ள துளைகளில் கண்ணை வைத்தால் தூரத்து ஊர் தெரியாது, நீங்கள் ஏறி வந்த வழிதான் தெரியும். துளையைச் சாய்வாகக் கீழ்நோக்கி விட்டிருப்பார்கள். கல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சாட்சி பக்கத்திலேயே கிடக்கும்: பாறையில் வரிசையாக, ஒரு சாண் இடைவெளியில் ஆப்பு அடித்த குழிகள். சில இடத்தில் குழி வெட்டியதோடு விட்டுவிட்டார்கள்; கல் இன்னும் பெயராமலே கிடக்கிறது. திப்பு கட்டினது, அதியமான் கட்டினது என்று டிரைவர்கள் சொல்வதை இந்த மதில் முன்னால் நின்றுதான் தள்ளுபடி செய்ய வேண்டும். ஒருவர் கட்டி முடித்த வேலை இல்லை. விஜயநகரக் காலத்திலிருந்து ஹைதர், திப்பு காலம்வரை ஆள ஆள வந்தவர்கள் மேலே மேலே வைத்துக் கட்டியது.

மேலே சுனைகளும் இடிந்த கட்டடங்களும் உண்டு. சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். மண்மேட்டில் திடீர்த் திடீரெனக் குழிகள் இருக்கும். புதையல் ஆசையில் யாரோ தோண்டிப்போட்டது. புல் மறைத்திருக்கும், பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ கூடு கட்டும் பருவம் உண்டு. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், மேலே அடுப்பு மூட்டாதீர்கள், பட்டாசு வெடிக்காதீர்கள். தேனீ கலைந்துவிட்டால் கையை வீசாமல் தலையைத் துண்டால் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிவிடுவதுதான் ஒரே வழி. சுவரில் பெயர் செதுக்குகிற பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம்வரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

ஒன்பதரைக்கு இறங்கிவிட்டால் மீதி நாள் சுகம். டிபனை முடித்து, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வழியாக தருமபுரி சுமார் 45 கி.மீ. அட்டைக்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் இன்னொரு தப்பு செய்கிறார்கள். நண்பகலில் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், நடை சாத்தியிருக்கும். வரிசையைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. மதியம் அகழ்வைப்பகம் (தொல்லியல் துறையின் அருங்காட்சியகம்), நாலு மணிக்கு மேல் கோயில்கள்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை, அதாவது சண்டையில் செத்த வீரர்களுக்கு நட்ட கற்களைப் பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். திறந்திருக்கிறதா என்று முதல் நாளே டிரைவரை விட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வருவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்த மதில்கள் ராஜாக்களின் சண்டைக்கு. இந்தக் கற்கள் ஊர்ச் சண்டைக்கு. பல கல்லில் விஷயம் ஒன்றுதான்: மாட்டைக் கவர்ந்துகொண்டு போனார்கள், ஒருவன் மீட்கப் போய்ச் செத்தான். "தொறு மீட்டுப் பட்டான்" என்று வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. எழுத்து தெரியாவிட்டாலும் உருவத்தைப் படிக்கலாம். ஒரு கையில் வில் அல்லது கேடயம், மறு கையில் வாள், உடம்பில் தைத்த அம்புகள். காலடியில் சின்னதாக ஒரு கிண்டியும் (மூக்கு வைத்த சொம்பு) சிமிழும் இருக்கிறதா பாருங்கள். செத்தவனுக்கு வைத்த படையல் அது. பக்கவாட்டிலிருந்து போன் டார்ச்சை அடித்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் உண்டு. அங்கே வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை.

கோட்டைக் கோயில் என்று தருமபுரியில் சொல்வது மல்லிகார்ஜுனர், காமாட்சி கோயிலை. நொளம்பர் என்ற அரச மரபின் காலத்து வேலை. எல்லோரும் தொங்கும் தூணைப் பார்க்கத்தான் போவார்கள். தூணின் அடியில் துணியைவிட்டு இழுத்து எடுத்துக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு அதோடு திரும்பிவிடாதீர்கள். அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் உண்டு, எல்லாம் மிகச் சிறிய சிற்பங்கள். குனிந்து பார்க்க வேண்டும், அதனால்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். அமாவாசையன்று கூட்டம், அன்று இது முடியாது.

தருமபுரியில் கோட்டை எங்கே என்று கேட்காதீர்கள். பெயரில்தான் கோட்டை. பழைய பெயர் தகடூர், அதியமான் ஊர் இது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். ஆனால் அவன் காலத்துச் சுவர் என்று காட்ட இங்கே எதுவும் நிற்கவில்லை. அதன் பிறகு வந்தவர்களில் தாமஸ் மன்றோ முக்கியம். 1792 முதல் 1799 வரை ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக இந்தப் பாரமகாலில் இருந்தார். குடியானவனிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது இங்கேதான். நம் பட்டாக்களின் பூர்வீகம் அது.

அதியமான்கோட்டை தருமபுரியிலிருந்து சேலம் ரோட்டில் எட்டு கி.மீ. இங்கே இரண்டு கோயில், இரண்டுக்கும் கூட்டம் தலைகீழ். காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமியன்று சாம்பல் பூசணி விளக்கு ஏற்றக் கூட்டம் நெரியும். வண்டி நிறுத்தவே முக்கால் மணி நேரம் ஆகும். கோட்டைக்காக வருகிறவர்கள் காலண்டரைப் பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். சென்றாயப் பெருமாள் கோயிலில் ஆளே இருக்க மாட்டார்கள். மண்டபக் கூரையில் பாரத, ராமாயண ஓவியங்கள் இருப்பது அங்கேதான். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், சாவி யாரிடம் என்று சொல்வார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு. ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள். மூலிகை நிறம் கெட்டுப்போகும். தரையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கினால் உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

திரும்பும் வழியில் காவேரிப்பட்டணம். 1767-ல் ஹைதர் அலி வந்து பிடித்த கோட்டை இருந்த ஊர். இன்று தட்டை மாதிரியான நிப்பட்டுக்காக நிறுத்தினால் போதும். அன்றைக்குப் போட்டதா என்று கேட்டு, ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒகேனக்கல்லை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அட்டைப்படி போனால் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் அங்கே சேர்வீர்கள், பரிசல் ஓட்டம் நின்றுபோயிருக்கும். காவிரியில் தண்ணீர் கூடுதலாக வந்தால் காலையிலிருந்தே தடை. அதற்குத் தனி நாள் வைத்துக்கொள்வதே மரியாதை. ஓசூரில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரி கலெக்டர் பிரெட் என்ற வெள்ளைக்காரர் கட்டின மாளிகை என்று சிலர் ஆசை காட்டுவார்கள். கதை சுவாரசியமானது, ஆனால் கோட்டையாகப் பார்க்க அங்கே எதுவும் நிற்கவில்லை. ஓசூர்ப் பக்கம் போவதாக இருந்தால் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பாருங்கள். மகாராஜகடை மலை காட்டுப் பக்கம். யானை நடமாட்டம் உண்டு, ஊர் ஆள் துணையில்லாமல் போகக் கூடாது.

மலை ஏற முடியாத பெரியவர்களோடு வருகிறவர்களுக்கு வேறு சுற்று உண்டு, எந்த அட்டையிலும் இல்லை. காலையில் அரூர்ப் பக்கம் தென்கரைக்கோட்டை. தரைக்கோட்டை, கார் மதில்வரை போகும். உள்ளே கல்யாணராமர் கோயில், சிற்பத் தூண்கள். நடை சாத்துவதற்குள் போக வேண்டும், அதாவது பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மதியம் தருமபுரி அகழ்வைப்பகம். சாயங்காலம் பாப்பாரப்பட்டி, சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் மறைந்த ஊர், நினைவிடமும் பாரத மாதா ஆலயமும் இருக்கின்றன. மொத்த ஏற்றம் ஐந்தாறு படிதான்.

பன்னிரண்டு பேர் சேர்ந்து டெம்போ டிராவலர் எடுப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கிருஷ்ணகிரிக் கோட்டைக்கு ஏறும் பழையபேட்டைச் சந்துகளில் அந்த வண்டி திரும்பாது. மெயின் ரோட்டிலேயே இறங்கி நடப்பதாகத் திட்டம் போடுங்கள், இறங்கும் இடத்தின் லொகேஷனை எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிடுங்கள். மலையிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க மாட்டார்கள்.